ஐம்பதுக்குப் பிறகு மாரத்தானில் சொந்தச் சாதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் முதல் மாரத்தான் ஓடியது 44 வயதில். 4 மணி 52 நிமிடம் ஆனது. கடைசிப் பத்து கிலோமீட்டரில் பாதியை நடந்தே கடந்தேன். 55 வயதில் அதே தூரத்தை 3 மணி 49 நிமிடத்தில் முடித்தேன். என் வாழ்நாளிலேயே வேகமான ஓட்டம் அதுதான். அதற்குப் பிறகு கூட ஓடுகிறவர்களும் ஓட நினைக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவரும் இல்லை, பயிற்றுநரும் இல்லை. பதினோரு வருடம் தப்புத் தப்பாக ஓடிக் கற்றுக்கொண்டவன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்தச் சாதனை நேரத்தை ஓட்டக்காரர்கள் 'பிபி' என்பார்கள். இந்த வயதில் "என் பிபி நன்றாகக் குறைந்துவிட்டது" என்று சந்தோஷமாகச் சொன்னால், வீட்டில் "மாத்திரையை மாற்றினார்களா?" என்று கேட்கிறார்கள். ஆகவே 'சொந்தச் சாதனை' என்றே எழுதுகிறேன்.

வயது ஏற ஏற வேகம் குறையும்தானே? அப்புறம் எப்படி ஐம்பதுக்கு மேல் சொந்தச் சாதனை?

குறையும், சந்தேகமே வேண்டாம். ஆனால் வயது குறைப்பது உங்கள் உடம்பின் எல்லையை. இதுவரை ஓடிய வேகம் அந்த எல்லையைத் தொட்டிருந்தால்தான் அதுவும் சேர்ந்து இறங்கும். நம்மில் பெரும்பாலோர் தொட்டதே இல்லை. ஒரு குடம் வருடா வருடம் கொஞ்சம் சிறிதாகிக்கொண்டே வருகிறது, அதில் இதுவரை அரைக்குடம் தண்ணீர்தான் இருந்திருக்கிறது என்று வையுங்கள். குடம் சுருங்கினாலும் இன்னும் ஊற்ற இடம் இருக்கிறது.

அதனால் "எனக்கு என்ன வயது?" என்பதைவிட "எத்தனை வருடமாக ஒழுங்காகப் பயிற்சி செய்கிறேன்?" என்ற கேள்விதான் முக்கியம். ஒழுங்கான பயிற்சி தொடங்கியதிலிருந்து ஏழெட்டு வருடம், சிலருக்குப் பத்து வருடம்கூட, முன்னேற்றம் இருக்கும் என்பது ஓட்டக்காரர்களிடையே புழங்கும் கணக்கு. 48 வயதில் தொடங்கியவருக்கு அந்தக் கணக்கு 55, 56 வரை, சிலருக்கு 58 வரைகூட நீள்கிறது. நடுவில் இரண்டு வருடம் சும்மா இருந்துவிட்டால் அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

மாரத்தான் இதற்குத் தோதான தூரமும்கூட. வயதில் முதலில் போவது வெடித்துப் பாயும் வேகம்; நூறு மீட்டர் ஓடுகிறவருக்கு அது பேரிழப்பு. 42.195 கிலோமீட்டருக்கு வேண்டியது வருடக்கணக்கில் சேர்கிற தாங்குதிறனும் பொறுமையும்.

உண்மையிலேயே யாராவது அப்படி ஓடியிருக்கிறார்களா?

எனக்குப் பிடித்த உதாரணம் ஜப்பானின் மரிகோ யுகெட்டா. 24 வயதில் முதல் மாரத்தானை 3 மணி 9 நிமிடத்தில் ஓடியவர். மூன்று மணிக்குள் ஓடும் ஆசை வேலை, குடும்பம் என்று பல வருடம் தள்ளிப்போய், ஐம்பதுகளின் பிற்பகுதியில்தான் நிறைவேறியது. 2019-ல் 61 வயதில் 2:59:15 ஓடி, மூன்று மணிக்குள் மாரத்தான் முடித்த அறுபது கடந்த முதல் பெண் ஆனார். 2021 ஜனவரியில் ஒசாகாவில் 2:52:13. அப்போது வயது 62. இருபதுகளில் ஓடியதைவிடப் பதினேழு நிமிடம் வேகம்!

கனடாவில் வாழ்ந்த எட் விட்லாக் இன்னொருவர். இளமையில் ஓடி, விட்டுவிட்டு, நாற்பதுகளில் திரும்பி வந்தவர். மாரத்தானில் அவருடைய சொந்தச் சாதனை 2:31:23. ஓடியபோது வயது 48. பிறகு 2003-ல் 72 வயதில் 2:59:10 ஓடி, எழுபது கடந்து மூன்று மணிக்குள் முடித்த முதல் மனிதர் ஆனார். அடுத்த வருடம் 2:54:48. வீட்டருகே இருந்த கல்லறைத் தோட்டத்தின் சின்னச் சுற்றுப்பாதையில் மணிக்கணக்காக மெதுவாக ஓடுவதுதான் அவருடைய பயிற்சி.

ஆஸ்திரேலியாவின் சினேட் டைவர் ஓடத் தொடங்கியதே 33 வயதில், தாயான பிறகு. 2022 டிசம்பரில் வலென்சியாவில் 2:21:34 ஓடி நாட்டின் சாதனையை முறியடித்தபோது வயது 45.

நான் இளமையில் நன்றாகவே ஓடியவன். என் பழைய நேரத்தை இப்போது முறியடிக்க முடியுமா?

நேர்மையாகச் சொன்னால், கஷ்டம். வட அயர்லாந்தின் டாமி ஹியூஸ் 2019-ல் 59 வயதில் 2:27:52 ஓடினார். அந்த வயதுக்கு நம்ப முடியாத ஓட்டம். ஆனால் அவர் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஓடியவர். அந்த வருடம் அவருடைய சிறந்த நேரம் 2:13:59. குடத்தை இளமையிலேயே நிரப்பியவர்களுக்கு மிச்ச இடம் இல்லை.

அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் வயதுத் தர மதிப்பீடு என்று ஒன்று இருக்கிறது. உங்கள் வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய உச்ச அளவோடு உங்கள் நேரத்தை ஒப்பிட்டு ஒரு சதவீதம் தரும். 30 வயதில் 62 சதவீதம், 56 வயதில் 68 சதவீதம் என்றால், கடிகாரம் என்ன சொன்னாலும் நீங்கள் தேர்ந்த ஓட்டக்காரர் ஆகியிருக்கிறீர்கள். எனக்கு இதில் முழுத் திருப்தி கிடையாது. கடிகாரத்தில் தெரிகிற எண்ணுக்கு ஈடு இல்லை. ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு இது மேல்.

ஒரு கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த இளமைக்கால மாரத்தானுக்கு எத்தனை மாதம் பயிற்சி செய்தீர்கள்? "மூன்று மாதம், அதுவும் வார இறுதிகளில்" என்றால், நீங்கள் நினைப்பதுபோல அது உங்கள் உச்சம் கிடையாது. முறியடிக்கலாம்.

உடம்பில் எது குறைகிறது, எது அப்படியே இருக்கிறது?

உடம்பு ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பது குறைகிறது. உட்கார்ந்தே இருப்பவர்களுக்குப் பத்து வருடத்துக்குச் சுமார் 10 சதவீதம். தொடர்ந்து கடினமாகப் பயிற்சி செய்பவர்களுக்கு ஏறக்குறைய அதில் பாதி. உச்ச இதயத் துடிப்பு குறைகிறது, தசை குறைகிறது, தசையை எலும்போடு இணைக்கும் நாண்கள் பழையபடி இருப்பதில்லை. காயம் ஆற நாளாகிறது. வியர்வையும் தாக உணர்வும்கூட மந்தமாகின்றன.

பெரிதாகக் குறையாதது ஓட்டச் சிக்கனம், அதாவது ஒரே வேகத்தில் ஓட எவ்வளவு சக்தி செலவாகிறது என்பது. பயிற்சியை விடாதவர்களுக்கு அறுபதிலும் அது கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. உச்சத் திறனில் எத்தனை சதவீதத்தை மணிக்கணக்கில் தாங்க முடியும் என்பதும் பயிற்சியால் ஏறக்கூடியது. அரைக்குடத்தில் இருப்பவர்களுக்கு வாய்ப்பு இருப்பது இந்த இரண்டில்தான்.

வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட வேண்டும்?

எல்லோருக்கும் பொருந்தும் எண் கிடையாது. என் அனுபவத்தில் வாரம் 35 கிலோமீட்டரோடு ஓடியவரை மாரத்தானை 'முடித்தேன்'. 60-ஐத் தாண்டியபோதுதான் 'ஓடினேன்'. ஆனால் 35-லிருந்து 60-க்குப் போக எனக்கு மூன்று வருடம் ஆனது. இருதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். நாண்களுக்கும் எலும்புகளுக்கும் மாதங்கள் தேவை. மூச்சு தாராளமாக இருக்கிறதே என்று தூரத்தைக் கூட்டி, குதிகால் பழுதாகி உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர்!

ஒரு வாரம் 80 ஓடி அடுத்த வாரம் படுத்துக்கொள்வதைவிட, ஐம்பது வாரம் விடாமல் 50 ஓடுவது எவ்வளவோ மேல். நான் ஒரு வருடத்தின் மொத்தத் தூரத்தைத்தான் பார்க்கிறேன். வாரக் கணக்கு ஆசையைக் கிளப்பிவிடும்.

மெதுவாக ஓடு என்கிறார்களே, எவ்வளவு மெதுவாக?

கூட ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவுக்கு. மாரத்தான் வேகத்தைவிடக் கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் மெதுவாகப் போனாலும் தப்பில்லை. கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 20 விநாடியில் மாரத்தான் ஓட நினைப்பவர் தினசரி ஓட்டத்தில் 6:20, 6:50 என்று போகலாம். வாரத் தூரத்தில் ஐந்தில் நான்கு பங்கு இப்படித்தான் இருக்க வேண்டும்.

இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். மறுநாள் காலையில் முன்னால் ஒரு இளைஞன் போனால் போதும், துரத்திக்கொண்டு போவார்கள். நானும் அந்த ரகம்தான். என் முதல் ஆறு வருடம் வீணானது அப்படித்தான்: சுலபமான நாளில் வேகமாக ஓடினேன், வேகமாக ஓட வேண்டிய நாளில் கால் வரவில்லை. எல்லா ஓட்டமும் நடுத்தரமாக இருந்தது, நேரமும் 4 மணி 30-ஐ விட்டு நகரவில்லை. 51 வயதில் ஒரு குதிகால் காயத்துக்குப் பிறகு வேறு வழியில்லாமல் மெதுவாக ஓடத் தொடங்கினேன். மூன்றே வருடத்தில் அரை மணி குறைந்தது.

இதயத் துடிப்பை 220 கழித்தல் வயது என்று கணக்கிடலாமா?

வேண்டாம். வயது ஏறினவர்களுக்கு அது பெரும்பாலும் குறைவாகவே காட்டும். 208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிப்பது கொஞ்சம் மேல்: 55 வயதுக்கு முதல் கணக்கில் 165, இரண்டாவதில் சுமார் 170. ஆனால் இரண்டுமே சராசரிகள். ஆளுக்கு ஆள் பத்துப் பதினைந்து துடிப்பு வித்தியாசம் சாதாரணம். பேச முடிகிறதா என்று பார்ப்பதை நான் இன்னும் விடவில்லை.

வேகப் பயிற்சி இந்த வயதில் ஆபத்தில்லையா?

செய்யாமல் விடுவதுதான் ஆபத்து. தொடாமல் விட்டால் வேகம் இன்னும் சீக்கிரம் போய்விடும். ஆனால் வாரத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. எனக்குப் பலன் தந்தது 'சமாளிக்கிற கஷ்டம்' என்று சொல்லக்கூடிய வேகம்: ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகத்தில் 10 நிமிடம், நடுவில் இரண்டு நிமிடம் மெதுவோட்டம், இப்படி மூன்று முறை. நீண்ட ஓட்டத்தின் கடைசி 8, 10 கிலோமீட்டரை மாரத்தான் வேகத்தில் ஓடுவதும் அப்படித்தான். மூச்சு வாங்கும் குறுகிய பாய்ச்சல்களைச் சமதரையைவிட மேட்டில் ஓடுவது நல்லது. தரையிறங்கும் அதிர்ச்சி குறைவு.

வேகம் பிடிப்பதற்கு முன்னால் 15, 20 நிமிடம் உடம்பைச் சூடேற்றுங்கள். இளைஞர்கள் அப்படியே கிளம்பிவிடுவார்கள். நம் கெண்டைக்கால் அதை மன்னிக்காது.

ஓய்வு எத்தனை நாள்?

கேள்விகளில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான், யாரும் விரும்பிக் கேட்காததும் இதுதான். இளவயதில் ஒரு கடினமான ஓட்டத்திலிருந்து மீள ஒரு நாள் போதும். இப்போது இரண்டு, மூன்று நாள். அப்படியானால் ஏழு நாள் வாரத்துக்குள் ஒரு வேகப் பயிற்சி, ஒரு மாரத்தான் வேக ஓட்டம், ஒரு நீண்ட ஓட்டம் மூன்றையும் திணிப்பது கணக்குக்கே ஒத்துவராது. நான் பத்து நாளை ஒரு 'வாரம்' என்று வைத்துக்கொண்டேன். அதே மூன்று ஓட்டங்கள், நடுவில் தாராள இடைவெளி. நாட்காட்டியோடு ஒத்துப்போகாது, கூட ஓடுகிறவர்கள் கிண்டல் செய்வார்கள். ஆனால் காயம் நின்றது.

மூன்று வாரம் கூட்டி, நான்காவது வாரம் தூரத்தைக் கால் பங்கு குறைப்பதும் உதவும். தூக்கம் கெட்ட மறுநாள் வேகப் பயிற்சியைத் தள்ளிப்போடுங்கள். அட்டவணை கோபித்துக்கொள்ளாது.

எடைப் பயிற்சி கட்டாயமா?

கட்டாயம்தான். தினமும் ஓடுவதால் மட்டும் தசை இழப்பு நிற்காது. வாரம் இரண்டு முறை அரை மணி நேரம்: உட்கார்ந்து எழுந்திருத்தல், ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்துதல், தரையிலிருந்து பளு தூக்குதல், படி ஏறுதல். ஐம்பது முறை தூக்கக்கூடிய சின்ன எடையால் பிரயோஜனம் இல்லை. ஆறிலிருந்து பத்து முறைக்குள் களைப்பாகும் எடை வேண்டும். முதல் சில வாரம் முறை தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

புரதமும் இதோடு சேர்ந்ததே. வயதான தசை ஒரு வேளையில் கிடைக்கும் சிறிய அளவுப் புரதத்துக்கு அவ்வளவாக அசைந்துகொடுக்காது. கடினமாகப் பயிற்சி செய்பவருக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை, மூன்று நான்கு வேளைகளில் பிரித்துக்கொண்டால் நல்லது. சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கூட்டக்கூடாது.

முழங்கால் தேய்ந்துவிடாதா?

பந்தயத்துக்கென்று தீவிரமாக ஓடாத சாதாரண ஓட்டக்காரர்களிடம் முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்வு, ஓடாதவர்களிடம் இருப்பதைவிடக் குறைவாகவே ஆய்வுகளில் காணப்பட்டிருக்கிறது. ஏற்கெனவே மூட்டில் அடிபட்டவர்கள் கதை வேறு. நம் வயதில் முதலில் பழுதாவது கெண்டைக்காலும் குதிகால் நாணும்தான். காலையில் படுக்கையிலிருந்து இறங்கும் முதல் சில அடிகளில் குதிகால் வலித்தால் அன்றைக்கே தூரத்தைக் குறையுங்கள்.

மாதவிடாய் நின்ற பிறகு ஓடும் பெண்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் குறைவதால் எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறையும். அதனால் எடைப் பயிற்சி அவர்களுக்கு இரட்டிப்பு முக்கியம். எடையைக் குறைக்கிறேன் என்று சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு தூரத்தைக் கூட்டுவது அழுத்த முறிவுக்கு, அதாவது ஓயாத அதிர்ச்சியால் எலும்பில் விழும் விரிசலுக்கு, நேர்வழி. தூக்கம் கெடுவது, திடீர் உடற்சூடு ஆகியவற்றால் பயிற்சி சில மாதம் தள்ளாடலாம். அந்த மாதங்களை வைத்து "எனக்கு முடிந்துவிட்டது" என்று முடிவு கட்ட வேண்டாம். யுகெட்டாவின் வேகமான ஓட்டங்கள் எல்லாம் ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளிலும் வந்தவை.

புதிய வகை காலணி போட்டு ஓடினால் அது ஏமாற்றா?

2017-ல் நைக்கி கொண்டுவந்த கார்பன் தகடு வைத்த காலணி ஆய்வகச் சோதனையில் சராசரியாக 4 சதவீதம் சக்தியை மிச்சப்படுத்தியது. நேரத்தில் அதே 4 சதவீதம் கிடைக்காது. ஆளுக்கு ஆள் மாறும், மெதுவாக ஓடுபவர்களுக்குப் பொதுவாகக் குறையும். உலக தடகள அமைப்பு 2020-ல் அடிப்பாகத் தடிமனுக்கு 40 மில்லிமீட்டர் என்று வரம்பு வைத்தது. அதற்குள் இருந்தால் விதிப்படி சரி. என் 3:49-ல் சில நிமிடம் காலணியுடையது என்று நான் மனதார ஒப்புக்கொள்கிறேன். அதற்காக அந்த நிமிடங்களைத் திருப்பிக் கொடுத்துவிட மாட்டேன். ஒன்றே ஒன்று: தினமும் அதையே போட்டு ஓடாதீர்கள், பாதமும் கெண்டைக்காலும் வேறு விதமாக உழைக்க வேண்டியிருக்கும்.

ஓட்ட நாளில் எப்படி ஓடுவது? 30 கிலோமீட்டரில் எனக்குச் 'சுவர்' வந்துவிடுகிறது.

சக்தி தீர்ந்து கால் திடீரென்று நகர மறுப்பதைத்தான் 'சுவர்' என்கிறோம். அந்தச் சுவரை நாமே கட்டுகிறோம், முதல் ஐந்து கிலோமீட்டரில். உடம்பில் சேமித்த மாவுச்சத்து சுமார் 2,000 கலோரிக்குத்தான் வரும். ஒரு கிலோமீட்டருக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கலோரி என்றால், 65 கிலோ ஆளுக்கு மொத்தம் 2,700-க்கு மேல். மிச்சத்தைக் கொழுப்பு தரும், ஆனால் மெதுவாகத்தான் தரும். வேகமாக ஆரம்பித்தால் மாவுச்சத்து சீக்கிரம் தீரும்.

வழி இரண்டு. ஒன்று, மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்தை ஜெல்லாகவோ பானமாகவோ முதல் அரை மணியிலிருந்தே எடுப்பது. குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்ததென்றால் 90 கிராம் வரை உடம்பு ஏற்கும். நீண்ட ஓட்டங்களில் வயிற்றைப் பழக்கியிருக்க வேண்டும். இன்னொன்று, முதல் பாதியை அடக்கி ஓடுவது. என் 3:49-ல் முதல் பாதி 1:55, இரண்டாவது பாதி 1:54. முதல் பத்து கிலோமீட்டரில் என்னை முந்தியவர்களைக் கடைசிப் பத்தில் ஒவ்வொருவராகப் பிடித்தேன். ஐம்பத்தைந்து வயதில் அந்தச் சுகம் வேறு எதிலும் இல்லை.

இலக்கு நேரத்தை எப்படி வைப்பது? அரை மாரத்தான் நேரத்தை 2.085-ஆல் பெருக்குங்கள். 1:45 என்றால் சுமார் 3:39. அது நல்ல தூரம் ஓடிப் பயிற்சி எடுத்தவருக்கான கணக்கு. வாரம் 40 கிலோமீட்டர்தான் என்றால் இன்னும் பத்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள். அளவுக்கு மீறினால் இரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்தாகும். ஓட்டத்தின்போது இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரை வேண்டவே வேண்டாம், சிறுநீரகத்துக்குக் கெடுதல்.

எந்த ஓட்டத்தைத் தேர்ந்தெடுப்பது?

சமதரை, குளிர்ந்த காலை, முறைப்படி அளக்கப்பட்ட பாதை. பத்து டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பநிலை மாரத்தானுக்கு ஏற்றது. இருபதைத் தாண்டினால் நேரத்தை மறந்துவிட்டு ஓடுங்கள். இறக்கமான பாதையில் வந்த நேரத்தை ஏற்பதும் விடுவதும் உங்கள் மனசாட்சிக்கு விட்டது. 2011-ல் பாஸ்டனில் கென்யாவின் ஜெஃப்ரி முட்டாய் ஓடிய 2:03:02 அன்றைய உலக சாதனையைவிட வேகம். பாதை இறக்கமானது, தொடக்கமும் முடிவும் வெகுதூரம் தள்ளியிருப்பது என்பதால் உலக சாதனையாக ஏற்கப்படவில்லை. கைக்கடிகாரம் 42.6 காட்டினால் அமைப்பாளர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள். பாதை குறைந்துவிடக்கூடாது என்று ஆயிரத்தில் ஒரு பங்கு கூட்டித்தான் அளக்கிறார்கள். வளைவுகளை வெளிப்பக்கமாகச் சுற்றியது நீங்கள்.

இதயப் பரிசோதனை தேவையா?

தேவை. ஐம்பதுக்கு மேல் நேரத்துக்காக ஓடப்போகிறவர் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம், புகைப்பழக்கம், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. மாரத்தானில் இதயம் நின்றுபோவது சுமார் ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கு என்ற அளவில் அபூர்வம்தான். ஆனால் பாதிக்கப்படுவோரில் நடுவயது ஆண்கள் அதிகம். ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், காரணமில்லாத படபடப்பு வந்தால் நின்றுவிடுங்கள். வருடக்கணக்கில் நீண்ட தூரம் ஓடும் ஆண்களுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் சீரற்ற துடிப்பு வரும் வாய்ப்பும் கூடுதல். கைக்கடிகாரம் ஒழுங்கற்ற துடிப்பைக் காட்டினால் அலட்சியம் வேண்டாம்.

வருடத்துக்கு எத்தனை மாரத்தான்?

நேரத்துக்காக ஓடுவது ஒன்று, அதிகபட்சம் இரண்டு. மாதம் ஒன்று ஓடிப் பதக்கம் சேர்ப்பது வேறு பொழுதுபோக்கு. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பதக்கமும் வேண்டும் நேரமும் வேண்டும் என்றால் நடக்காது.

இனி சொந்தச் சாதனை வராது என்று எப்போது தெரியும்?

நல்ல பயிற்சி, நல்ல பாதை, நல்ல வானிலை எல்லாம் அமைந்தும் இரண்டு மூன்று முறை பழைய நேரத்தின் பக்கத்தில்கூடப் போக முடியவில்லை என்றால் குடம் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். எனக்கு இப்போது 58. போன வருடம் 3:52, அதற்கு முந்தைய வருடம் 3:51. வரப்போகும் குளிர்காலத்தில் ஒரு சமதரை ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன்.